மாதையன் விழுந்தது எங்கே?

வக்கீல் குமாஸ்தாவுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; எந்த ஆபீஸ் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தும் என்று தெரிந்தால் போதும். காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "நம்பரைக் கூப்பிட்டுட்டாங்களா?" என்று கோர்ட்டு வராண்டாவில் ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தர்மபுரியில் ஒரு சிவில் வக்கீலிடம் நான் இருபது வருஷம் குப்பை கொட்டினேன். பெயர் பாஷா. வக்கீல் முதல் டவாலி போட்ட சேவகர் வரை எல்லோருக்கும் நான் 'பாய்'தான். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று எத்தனையோ கட்டுகளைத் தூக்கியிருக்கிறேன். எதற்கும் என் தூக்கம் கெட்டதில்லை. கெட்டது ஒரே ஒரு வழக்கில். பொது இடத்தில் கீழே விழுந்து கால் போன ஒருவருக்கு நஷ்ட ஈடு கேட்ட வழக்கு அது. எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது. எதிர்த்தரப்பு ஒரு டவுன் பஞ்சாயத்து. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்த வழியாகத்தான் இன்னும் எனக்குப் போக்குவரத்து.

புண்ணாக்கு மூட்டை

டிசம்பர் இருபத்துநாலு. காலை ஒன்பதரை மணிக்கு ஆபீஸைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். பின்னால் மஞ்சள் பையோடு அவர் மனைவி. அவர் பெயர் மாதையன், அந்த அம்மா குப்பம்மா, நல்லம்பள்ளிப் பக்கம். மாதையனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தொழில் புளிய மரம் ஏறுவது. எங்கள் ஜில்லாவில் ரோட்டோரப் புளிய மரங்களை ஏலம் எடுக்கிற குத்தகைக்காரர்களுக்குத் தை பிறந்தால் இவரைப் போன்ற ஆட்கள் வேண்டும். இவர் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார். கீழே குப்பம்மாவும் மற்றப் பெண்களும் பொறுக்குவார்கள். அந்த மூன்று நாலு மாசக் கூலியில்தான் மீதி வருஷமும் ஓடும்.

ஆவணியில் ஒரு சந்தை நாள் சாயங்காலம், நல்ல மழையில், ஊர்க்காரர் ஒருவருக்கு வாங்கிய புண்ணாக்கு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாதையன் சந்தை வாசலைத் தாண்டியிருக்கிறார். சாக்கடையைத் தூர் வார வந்த பஞ்சாயத்து ஆட்கள் மேல்கல்லை எடுத்தவர்கள், திருப்பி வைக்காமலே போய்விட்டார்கள். ஒரு குச்சி நடவில்லை, சிவப்புத் துணி கட்டவில்லை. மழைத் தண்ணீர் நிரம்பி நின்றதில் குழி எது, ரோடு எது என்று தெரியவில்லை. ஒரு கால் உள்ளே போனது, மூட்டை மேலே விழுந்தது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் பிரித்தபோது வலது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப் போயிருந்தது.

எங்கள் வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று விசாரித்தார். மாதையன் மனைவியைப் பார்த்தார். இனி மரம் ஏற முடியாது, இரண்டு கறவை மாடு வாங்குகிற அளவுக்குக் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்று குப்பம்மா சொன்னார். சரி, இதைக் கேட்க நாலு மாசமா என்றார் வக்கீல். குப்பம்மா தயங்கவே இல்லை. "கால் கூடிருச்சுன்னா கேஸு எதுக்குன்னு இருந்தமுங்க. கூடிருச்சு. ஆனா சரியாக் கூடலீங்களே."

எந்தச் செவ்வாய்?

வக்கீல் முகம் மாறியது அதற்கப்புறம்தான். பக்கத்து வீட்டுக்காரன் மேல் வழக்குப் போடுவது போல் பஞ்சாயத்தின் மேல் போட முடியாது. முதலில் நோட்டீஸ் அவர்கள் ஆபீஸில் சேர வேண்டும். சேர்ந்தபின் இரண்டு மாசம் பொறுக்க வேண்டும். அதே சமயம், விழுந்த நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் வழக்கும் தாக்கலாகிவிட வேண்டும். பொறுத்த இரண்டு மாசத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று வாதாட இடமுண்டு. எங்கள் வக்கீல் அகராதியில் 'வாதாட இடமுண்டு' என்றால் 'தோற்க இடமுண்டு' என்று அர்த்தம்.

ஆக, விழுந்தது எந்தத் தேதி? ஆவணி, செவ்வாய்க்கிழமைச் சந்தை என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனையாவது செவ்வாய் என்றதும் கேழ்வரகுக்கு இரண்டாம் களை எடுத்த வாரம் என்றார் மாதையன். இல்லை, களை எடுத்து மறுவாரம் என்றார் குப்பம்மா. நான் காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணினேன். முதல் செவ்வாய் என்றால் கதை போன வாரமே முடிந்துவிட்டது. மூன்றாவது என்றால் சாவகாசமாக டீ குடித்துவிட்டு எழுதலாம். இரண்டாவது என்றால் இன்றைக்கே சேர்த்தாக வேண்டும். நாளைக்குக் கிறிஸ்துமஸ் லீவு. நாளை மறுநாள் சேர்த்தால் இரண்டு மாசமும் ஆறு மாசமும் ஒரே நாளில் முட்டிக்கொள்ளும்.

காலை நீட்டி உட்கார இடம் போதாமல் மாதையன் வராண்டாவுக்குப் போனார். குப்பம்மா மஞ்சள் பையின் அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். இரண்டாவது செவ்வாய். சரி, இன்றைக்கு இருக்கிறது என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சை இழுப்பதற்குள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தேதிக்குக் கீழே டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்: 'புளிய மரத்திலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்கிறார்கள்.' இது யார் சொன்னது என்று குப்பம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். ரோட்டில் விழுந்ததாகச் சொன்னால் போலீஸ் கேஸ், போலீஸ் வந்து எழுதும் வரைக்கும் யாரும் காலைத் தொட மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். புளிய மரம் என்று சொன்னால் கேள்வியே இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று வழியும் காட்டியிருக்கிறார்கள். குப்பம்மா வராண்டாப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அப்ப அவரு மயக்கத்துல கெடந்தாரு, அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுருவாரு பாய்."

ஐந்து மணிக்குள்

வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடித்து முடிக்கும்போது மணி ஒன்றரை. சாப்பாட்டை மறந்துவிட்டு பஸ் ஏறினேன். அதியமான்கோட்டை தாண்டியதும் டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கி டயரைப் பார்த்தார், டிரைவர் இறங்கிக் கண்டக்டரைப் பார்த்தார், ஸ்டெப்னி இல்லை. நான் ரோட்டில் நின்று கையைக் காட்டி, மூன்றாவதாக வந்த கல் லாரியில் ஏறிக்கொண்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மூன்றேகால். வேட்டி முழுக்கக் கல் தூசி.

தபால் வாங்குகிற கிளார்க் உறையைப் பார்த்ததுமே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நிர்வாக அதிகாரி கேம்ப் போயிருக்கிறாராம், அவர் இல்லாமல் வக்கீல் நோட்டீஸ் வாங்கக் கூடாதாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். கெஞ்சினேன். சட்டம் பேசினேன். அவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு, நாலேகால், நாலரை. ஒருவருக்குப் போன கால் போகட்டும், கிடைக்க வேண்டிய மாடும் இந்தப் பெஞ்சில்தான் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு ஒரு கும்பல் வந்தது. கிளார்க் ஒவ்வொரு மனுவையும் வாங்கி முத்திரை குத்தி, மனுவுக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று என்று மடமடவென்று தள்ளினார். குமாஸ்தா புத்தி அப்போதுதான் வேலை செய்தது. பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, 'சந்தை வாசல் சாக்கடைக்குக் கல் போட வேண்டி மனு' என்று எழுதினேன். கீழே 'இணைப்பு: வக்கீல் நோட்டீஸ் ஒன்று' என்று சின்ன எழுத்தில் சேர்த்து, உறையைப் பிரித்து நோட்டீஸைப் பின்னால் குத்தி, கும்பலோடு கும்பலாக நின்றேன். முத்திரை விழுந்தது. என் கையிலிருந்த நோட்டீஸ் நகலிலும் விழுந்தது, தேதியோடு. நான் படி இறங்குவதற்குள் அவர் கூப்பிட்டார். திரும்பினேன். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கோபம்கூட இல்லை. "இருவது வருசமா முத்திரை குத்தறேன் பாய். இன்னிக்குத்தான் குத்திட்டுப் படிச்சேன்."

குடித்திருந்தார், குடிக்கவில்லை

இரண்டு மாசம் பொறுத்து, பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி வழக்கைத் தாக்கல் செய்தோம். கெடு முடிய ஒரு நாள் பாக்கி. பஞ்சாயத்தின் பதிலுரை வருவதற்குள் அடுத்த ஆவணியே வந்துவிட்டது. அதைக் கட்சிக்காரருக்குப் படித்துச் சொல்வது குமாஸ்தாவின் தலையெழுத்து. மாதையனையும் குப்பம்மாவையும் உட்கார வைத்துப் படித்தேன்.

சாக்கடைக் கல்லை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் உடனே வைத்துவிட்டோம். வைக்காமல் இருந்திருந்தாலும் வாதி குடித்திருந்ததால்தான் விழுந்தார். இப்படி ஒன்றுக்கொன்று சண்டை போடுகிற பதில்களை எழுதுவது கோர்ட்டில் தப்பில்லை. மாதையன் சிரிக்கக்கூடச் செய்தார். கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர் அவர். அடுத்த வரியை மட்டும் வேகமாகப் படித்தேன். ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்படி வாதி புளிய மரத்திலிருந்து விழுந்தவர், சந்தை வாசலில் விழவே இல்லை.

அவர் கம்பைப் பிடிக்காமலே எழுந்துவிட்டார். இதை யார் சொன்னது என்று கேட்டார். நான் குப்பம்மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவர் அங்கிருந்து என்னிடம் சொன்னார். "குடிகாரன்னு எழுதட்டும் பாய், குடிகாரனுக்கும் குத்தகைக்காரன் மரத்தக் குடுப்பான். மரத்துல இருந்து வுழுந்தவன்னு தெரிஞ்சா எவனும் குடுக்க மாட்டான்."

சீனப்பா ஊற்றிய மூன்று டீ

ரிஜிஸ்தர் பொய் சொன்னால் அதை மறுக்கக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். ஒரே ஒருவர் இருந்தார். சந்தை வாசலில் டீக்கடை வைத்திருந்த சீனப்பா. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், யாராவது கடன் சொன்னால் மட்டும் கன்னடம். அன்றைக்கு மாதையனைக் குழியிலிருந்து தூக்கித் தன் கடைப் பெஞ்சிலேயே கிடத்தி, வண்டி பிடித்து அனுப்பியவர் அவர்தான்.

மூன்று தடவை போனேன். முதல் தடவை டீ கொடுத்தார், பேசவில்லை. இரண்டாம் தடவை டீ கொடுத்தார், நான் யாரென்றே தெரியாதது போல் பாய்லரைத் துடைத்தார். மூன்றாம் தடவை பஞ்சாயத்து ஆள் ஒருவர் அதே கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பதை நானும் கவனித்தேன், சீனப்பாவும் கவனித்தார். கடை நிற்பது பஞ்சாயத்து இடம், உரிமத்தை வருஷா வருஷம் அவர்கள்தான் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவதற்குள் அது என் மேலேயே திரும்பிவிட்டது. கிளம்பும்போது கிளாஸைக் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் வந்து அவர் சொன்னது இதுதான். "குழியில வுழுந்தவரத் தூக்க நான் இருந்தேன் பாய். என் கடை போச்சுன்னா என்னத் தூக்க யாரு வருவாங்க?"

ரிஜிஸ்தரின் அடுத்த பக்கம்

வழக்கு விசாரணைக்கு வர மேலும் ஒரு வருஷம் ஆனது. பஞ்சாயத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அவர் குமாஸ்தா ஆறுமுகம். எங்கள் வக்கீல் இருமினால்கூட அதைக் குறித்துக்கொள்கிற ஆள். அவருடைய காகிதக் கட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. குப்பம்மாவைப் பொய் சொல்லச் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கவும் முடியாது.

"டாக்டர்கிட்ட என்னம்மா சொன்னீங்க?" என்று கூண்டில் நின்ற குப்பம்மாவிடம் ஆரம்பித்தார் சேலம் வக்கீல்.

"புளிய மரத்துல இருந்து வுழுந்துட்டாருன்னு சொன்னனுங்க."

"அது பொய்யா?"

"பொய்தானுங்க."

"டாக்டர்கிட்டயே பொய் சொன்னவங்க கோர்ட்டுல மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி நம்பறது?"

குப்பம்மா மேடையில் இருந்த முன்சீப்பைப் பார்க்கவில்லை. கடைசித் தூண் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தார். பதிலுரை படித்த நாளிலிருந்து அந்த மனுஷன் அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரே வீட்டில் சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். "ஆவணி மாசங்க அது" என்றார் குப்பம்மா. "மரத்துல பிஞ்சுதான் இருக்கும். பிஞ்சுக்குப் போயி எவன் ஏறி உலுக்குவான்? அந்த டாக்டரு வெளியூருங்க, அவருக்குத் தெரியல. இவரு மரம் ஏறறவரு. வுழறவரு இல்லீங்க." சேலம் வக்கீல் அசரவில்லை. தழை ஒடிக்க ஏறியிருக்கலாம், விறகுக்கு ஏறியிருக்கலாம் என்றார். அதுவும் நியாயம்தான். எங்கள் வக்கீல் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

முன்சீப் பேனாவை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ரிஜிஸ்தரைச் சுமந்து வந்திருந்த ஊழியரிடம் புத்தகத்தை வாங்கினார். மாதையன் பக்கத்தைப் படித்தார். யாரும் கேட்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் முந்தின பக்கம். அந்த ஒரு வாரத்தில் மட்டும் நாலு பேர் புளிய மரத்திலிருந்து விழுந்திருப்பதாகவும், அதில் ஒருவர் பஸ் கண்டக்டர், இன்னொரு பாட்டிக்கு வயது எழுபத்திரண்டு என்றும் வாசித்துவிட்டு, இது எப்படி என்று அந்த ஊழியரைக் கேட்டார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார். "ரோட்டுல வுழுந்தேன்னு சொன்னா போலீசு வரும்னு பயங்கய்யா. எங்க ரிஜிஸ்தர்ல மட்டும் வருசம் பூரா புளியங்கா உலுக்கறாங்க."

கூப்பிடாமல் வந்தவர்

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மரத்திலிருந்து விழவில்லை என்றால், குழியில் விழுந்தார் என்று யார் சொல்வது? மறு வாய்தாவுக்கு முந்தின ராத்திரி என் தூக்கம் கெட்டதும் இதனால்தான். காலையில் கோர்ட்டு வராண்டாவில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சீனப்பா நின்றிருந்தார். ரோடு அகலப்படுத்துகிறோம் என்று போன மாசம்தான் பஞ்சாயத்து அவர் கடையை எடுத்துவிட்டது. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வரிசையாகப் பதினொரு கடை போனதில் அவருடையதும் ஒன்று. நான் கேட்பதற்கு முன் அவரே காரணம் சொன்னார். "கடையத்தான் எடுத்துட்டாங்களே பாய். இனி வாய எதுக்கு மூடி வெச்சிக்கணும்?"

திரும்பப் படித்த வரி

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கேட்டதில் பாதிதான். மழையில் மூட்டையோடு வந்தவரும் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று மீதியைக் கழித்துவிட்டார்கள். நகல் வாங்கி வந்து மரத்தடியில் வைத்துப் படித்தேன். தொகையைச் சொன்னபோது மாதையன் கேட்டுக்கொண்டார். 'வாதி மரத்திலிருந்து விழுந்தார் என்பதை இந்தக் கோர்ட்டு ஏற்கவில்லை' என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். அதை மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவையும் படித்தேன்.

குப்பம்மா கொஞ்சம் தள்ளி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாதையன் கம்பை ஊன்றி எழுந்து அவர் எதிரே போய் நின்றார். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை, நின்றுவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தவர் பேசினார். பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கெளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஜன்னல் ஓரம்

இங்கேயே முடித்துவிட எனக்கும் ஆசைதான். பஞ்சாயத்து அப்பீல் போட்டது, ஸ்டே வாங்கியது. அப்பீல் முடியும் வரை பணம் கிடையாது. இனி மரமே ஏற முடியாத ஆள் என்பதற்காகக் கொடுத்த தொகை அது. அதுவும் ஏற்கத்தக்கதல்ல, வாதி நன்றாகத்தான் இருக்கிறார் என்பது அப்பீலில் அவர்களுடைய முதல் காரணம். அதற்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாசி மாசம் ஒரு காலை நேரம். நல்லம்பள்ளி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் தேடிப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் ஆறுமுகம். சேலம் வக்கீலின் அதே ஆறுமுகம். குமாஸ்தாக்களுக்குள் பகை கிடையாது, வெற்றிலை மாற்றிக்கொண்டோம். ஊர் தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டில் புளியம்பழம் உதிர்ந்து கிடக்க, பெண்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். என் ஜன்னலுக்கு நேரே புளிய மரம். வெறுமனே நிமிர்ந்து பார்த்தேன். மேலே, இரண்டாம் கிளையில், மாதையன். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை மரத்தோடு இறுக்கியிருந்தார். நீளமான காலைக் கிளையில் ஊன்றி, குட்டைக் காலை அந்தரத்தில் விட்டுக்கொண்டு உலுக்கினார். கீழே குப்பம்மா மட்டும் பழம் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தியபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடித்துவிடலாம் என்பது போல.

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷ வழக்கை ஒரு உலுக்கலில் கீழே போடுகிறாரே என்று. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஏற முடியாது என்பதற்கான பணம் வரும் வரைக்கும் அந்த வீட்டில் என்னத்தைச் சாப்பிடுவார்கள் என்று நாங்கள் யாரும் மனுவில் எழுதவில்லை. ஒரு பார்வை போதும், ஆறுமுகம் சேலம் போய்ச் சொன்னால் மாடு போய்விடும். தோளை அகலப்படுத்தி ஜன்னலை மறைத்தேன். குமாஸ்தா தோள், எவ்வளவு மறைக்கும்? ஆறுமுகம் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், குப்பம்மாவின் கையைப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. வெயில் பஸ்ஸின் அந்தப் பக்கத்தில் அடித்தது, எங்கள் பக்கம் நிழல். ஆறுமுகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். "கண்ணுல வெயில் அடிக்குது பாய். அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி வுடுங்க."

மறு வருஷம் அப்பீல் தள்ளுபடியாகி இரண்டுக்கு ஒரு மாடாவது வந்து சேர்ந்தது என்றாலும், ஒருத்தர் கீழே விழுந்ததை நாங்கள் நிரூபித்து முடிப்பதற்குள் பசி அவரை மறுபடியும் மேலே ஏற்றிவிடும் என்பதைத் தவிர, இருபது வருஷக் குமாஸ்தா வேலையில் நான் படித்த சட்டம் வேறொன்றும் இல்லை.